உங்களுக்குத் தெரியுமா? பட்டு நகரத்திலிருந்து கௌபாய் உலகம்

அரை நூற்றாண்டுக்கு முன்பு வந்த குதிரை, தொப்பி, துப்பாக்கிக் கதைகளை இப்போது மறுபடியும் போட்டுப் பாருங்கள். அன்றைக்குக் கண்ணில் படாத எத்தனையோ இன்றைக்குப் படும். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் கூடுதலாகவே படும். இந்தப் பகுதி முழுவதும் அப்படித் திரும்பிப் பார்த்ததில் கிடைத்தவை.

கப்பர் சிங்கின் பாறையும் காஞ்சிப் பட்டும்

'ஷோலே' படத்தில் கொள்ளைக்காரன் கப்பர் சிங் பெல்ட்டை இழுத்துக்கொண்டு பாறை மேல் நடக்கிறானே, அந்த இடம் சம்பல் பள்ளத்தாக்கு என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அது கர்நாடகத்து ராமநகரம். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். 1973 அக்டோபர் 3 அன்று அங்கே படப்பிடிப்பு தொடங்கியது. 'ராம்கட்' என்ற கிராமத்தையே செட்டாக எழுப்பினார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த ஊர் இன்னொரு வகையில் சொந்தம். பட்டுக்கூடு ஏலம் போகும் ஆசியாவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று ராமநகரத்தில்தான் இருக்கிறது. காஞ்சிச் சேலையின் பாவுக்கும் ஊடைக்கும் வரும் மல்பெரிப் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருவது, ஜரிகைக்கு சூரத். ஷோலேயின் நாயகர்கள் ஜெய்யும் வீருவும் குதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் சுற்றிய அதே மண்ணைச் சுற்றித்தான் முசுக்கொட்டைத் தோட்டங்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் ஷோலே பார்த்தபோது தன் நூல் வரும் சீமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அப்போது யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பாறைகளில் இப்போது யார்?

கழுகுகள். ராமதேவர பெட்டா என்ற அந்தக் குன்றுப் பகுதியை 2012இல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் கழுகுகளுக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது. டேவிட் லீன் 'எ பாசேஜ் டு இந்தியா'வின் குகைக் காட்சிகளைப் படமாக்க வந்ததும் இந்தக் குன்றுகளுக்குத்தான்.

ஒரே நாளில் இரண்டு

ஷோலே வெளியான நாள் 1975 ஆகஸ்ட் 15. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியதும் அதே 1975 ஆகஸ்ட் 15. இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற கௌபாய் பாணிப் படமும் தமிழ்நாட்டின் தொலைக்காட்சியும் ஒரே நாளில் பிறந்தவை!

சென்னைக்கும் காஞ்சிக்கும் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். மொட்டை மாடியில் உயரமாகக் குழாய் நட்டு, அலுமினியக் கம்பி ஆன்டெனாவை மேலே கட்டி, கிழக்கே சென்னைப் பக்கம் திருப்பி வைத்தால்தான் படம் தெரியும். "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று மாடியிலிருந்து ஒருவர் கத்த, கீழிருந்து இன்னொருவர் பதில் கத்திய காலம் அது. காற்றடித்தால் எல்லாம் போச்சு.

வரலாற்றின் அளவுக்கு நீண்ட தொடர்

அமெரிக்காவில் கௌபாய்கள் டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை ரயிலடிக்கு ஓட்டிச் சென்ற காலம் சுமார் 20 ஆண்டுகள்தான்: 1860களின் நடுவிலிருந்து 1880களின் நடுவு வரை. ஜோசப் கிளிடன் என்பவர் 1874இல் முள்கம்பி வேலிக்குக் காப்புரிமை வாங்கினார். ரயில் பாதைகளும் தெற்கே நீண்டன. திறந்தவெளி மேய்ச்சல் முடிந்தது, வேலையும் முடிந்தது.

அந்தக் காலத்தைக் கதைக்களமாகக் கொண்ட 'கன்ஸ்மோக்' தொலைக்காட்சித் தொடர் ஓடியது எத்தனை ஆண்டுகள்? அதுவும் 20தான். 1955 செப்டம்பரில் தொடங்கி 1975 மார்ச் வரை 635 பகுதிகள். நடந்த வரலாறும் அதை நடித்துக் காட்டியதும் சம நீளம். உலகத்தில் வேறு எந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு பெருமை கிடைத்ததாகத் தெரியவில்லை.

நடுத்தெருவில் துப்பாக்கிச் சண்டை?

கன்ஸ்மோக்கின் கதை நடக்கும் ஊர் டாட்ஜ் சிட்டி. தொடரில் எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி. நிஜ டாட்ஜ் சிட்டியிலோ 1870களின் இறுதியிலேயே ஊருக்குள் துப்பாக்கி எடுத்து வரத் தடை. தடையை எழுதித் தெருவில் பலகையே வைத்திருந்தார்கள். பழைய தொடரைத் திரும்பிப் பார்க்கும்போது இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்; ஒவ்வொரு சண்டைக் காட்சியும் வேறு மாதிரித் தெரியும்.

காதில் ஓடிய குதிரை

கன்ஸ்மோக் முதலில் வந்தது வானொலியில், 1952இல். வானொலியில் மார்ஷல் மாட் டில்லனாகப் பேசியவர் வில்லியம் கான்ராட். தொலைக்காட்சியில் அந்த வேடம் ஜேம்ஸ் ஆர்னஸுக்குப் போனது. ஆர்னஸ் ஆறடி ஏழு அங்குலம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோவில் காலில் குண்டு பட்டவர். டில்லனின் நடையில் சில இடங்களில் தெரியும் தாங்கல் நடிப்பில்லை. முதல் பகுதியின் தொடக்கத்தில் ஜான் வெய்ன் நேரில் வந்து அவரை அறிமுகம் செய்துவைத்தார்.

வானொலி நாடகங்களில் குதிரை ஓடும் சத்தம் எப்படி வந்தது தெரியுமா? இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டினார்கள். அமெரிக்காவிலும் அதேதான். தறியில் உட்கார்ந்தவருக்குக் கண் பாவில் இருக்கும், கால் மிதியில் இருக்கும், கை நாடாவில் இருக்கும். காது மட்டும்தான் அவருக்கு மிச்சம். நெசவாளர் வீடுகளில் வானொலிப் பெட்டிக்குக் கிடைத்த மரியாதை தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கிடைக்காததன் காரணம் இதுதான். காதால் கேட்கிற குதிரைக்கு இவர்களைப் போன்ற ரசிகர்கள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஒரே சட்டை, பல ஆண்டுகள்

'பொனான்சா' 1959 செப்டம்பரில் தொடங்கி 1973 ஜனவரி வரை 14 பருவங்கள் ஓடியது. துணி நெய்கிற ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் உண்டு. தந்தை பென் கார்ட்ரைட்டும் மகன்களும் பகுதிக்குப் பகுதி அதே உடையில்தான் வருவார்கள். அதே சட்டை, அதே மேலங்கி, அதே தொப்பி. ஏன்? குதிரை ஓட்டும் காட்சிகளை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, வெவ்வேறு கதைகளில் அப்படியே வெட்டி ஒட்டலாம். உடை மாறினால் ஒட்டாது. வாரா வாரம் பார்த்தபோது யாருக்கும் தோன்றாது. இப்போது ஒரே மூச்சில் பத்துப் பகுதிகள் பார்ப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அப்பாவுக்கும் மகனுக்கும் 13 வயது இடைவெளி

பென்னாக நடித்த லோர்ன் கிரீன் 1915இல் பிறந்தவர். மூத்த மகன் ஆடமாக நடித்த பெர்னல் ராபர்ட்ஸும் இரண்டாவது மகன் ஹாஸாக நடித்த டான் பிளாக்கரும் 1928இல் பிறந்தவர்கள். நரைமுடியும் குரலும்தான் அப்பாவை அப்பாவாக்கின. அந்தக் குரலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது: போர்க்காலத்தில் கனடா வானொலியின் செய்தி வாசிப்பாளர் அவர்.

வண்ணப் பெட்டி விற்கவே ஒரு தொடர்

பொனான்சா தொடக்கம் முதலே வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஒளிபரப்பிய என்.பி.சி. நிறுவனத்தின் முதலாளி ஆர்.சி.ஏ.; ஆர்.சி.ஏ.வின் வியாபாரம் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. டாஹோ ஏரியின் நீலத்தையும் பைன் காட்டின் பச்சையையும் வீட்டுக்குள் காட்டினால் பெட்டி தானாக விற்கும் அல்லவா? இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1982இல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே பொனான்சா முடிந்துவிட்டது.

விண்வெளியில் மாட்டு வண்டி

1980களில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரைப் பார்த்தவர்கள் ஒரு கௌபாய் தொடரைத்தான் பார்த்தார்கள். அதைப் படைத்த ஜீன் ராடன்பெரி, 'வேகன் ட்ரெய்ன்' என்ற மேற்குத் திசைப் பயணத் தொடரை நட்சத்திரங்களுக்கு நடுவே நடத்தப் போகிறேன் என்றுதான் தயாரிப்பாளர்களிடம் விளக்கினார். கூண்டு வண்டிக்குப் பதில் விண்கலம், அவ்வளவுதான்.

ஜப்பானியச் சாமுராய், இத்தாலிய இயக்குநர், ஸ்பெயின் மணல்

'ராஹைட்' தொடரில் இரண்டாம் நாயகனாக நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட், இடைவேளையில் ஸ்பெயினுக்குப் போய் இத்தாலியர் செர்ஜியோ லியோனேவின் படத்தில் நடித்தார். 1964இல் வந்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' அதுதான். கதை அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ'வில் இருந்து அனுமதி கேட்காமல் எடுத்தது. வழக்குப் போட்டு, பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். அமெரிக்கப் பாலைவனம் என்று நாம் நம்பிப் பார்த்த இடங்களில் பல ஸ்பெயினின் அல்மேரியா.

அதே குரோசவாவின் 'செவன் சாமுராய்'தான் ஹாலிவுட்டில் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' ஆனது. இரண்டின் சாயலும் ஷோலேயில் உண்டு. ஜப்பானில் புறப்பட்ட கதை உலகைச் சுற்றி ராமநகரம் வந்து சேர்ந்தது. கதைக்குச் சொந்த ஊர் கேட்பது வீண் வேலை என்பதுதான் என் கட்சி.

காஞ்சிக்காரர் ஒருவர் முன்பே செய்தது

ஹாலிவுட் கதையைத் தமிழ் மண்ணில் நடும் வேலையைக் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் 1949லேயே செய்திருக்கிறார். ஃபிராங்க் காப்ராவின் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' படத்தின் தூண்டுதலில் உருவான 'நல்லதம்பி'க்கு எழுதியவர் அறிஞர் அண்ணா. கலைவாணர் நடித்தார். அமெரிக்கக் கோடீசுவரன் கதை மதுவிலக்கும் பகுத்தறிவும் பேசும் தமிழ்க் கதையாக மாறியது.

கண்ணில் படாதவர்கள்

நிஜக் கௌபாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பழைய தொடர்களில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாஸ் ரீவ்ஸ் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்து, 1875 முதல் மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் சட்டக் காவலராக இருந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தவர். அவரை நாயகனாக வைத்துப் பெரிய தொலைக்காட்சித் தொடர் வந்தது 2023இல்தான். இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

'லோன் ரேஞ்சர்' தொடரில் டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவில் பிறந்த மோஹாக் பூர்வகுடி. அரைகுறை ஆங்கிலம் பேசும் துணைப் பாத்திரமாக அவரை எழுதிவைத்தார்கள். அவரோ பூர்வகுடி நடிகர்களுக்கென்று லாஸ் ஏஞ்சல்ஸில் பயிற்சிப் பட்டறை தொடங்கினார். தொடரைத் திரும்பப் பார்க்கும்போது முகமூடி போட்ட நாயகனை விட்டுவிட்டு இவர் முகத்தைப் பாருங்கள். எழுதித் தந்த வசனத்தை விட உயர்ந்த ஒரு மனிதர் அங்கே நிற்பது தெரியும்.

கழுத்தில் பட்டு

கௌபாயின் கழுத்துத் துணி அழகுக்குக் கட்டியதில்லை. மந்தைக்குப் பின்னால் போகிறவருக்குப் புழுதி மூக்கில் ஏறாமல் இருக்க அதுதான் திரை. குளிர்ப் பகுதிக் கௌபாய்கள் பருத்தியை விடப் பட்டையே விரும்பினார்கள், இன்றும் அப்படித்தான். மெல்லியது, சூடு காக்கும், கழுத்தை அறுக்காது. புள்ளி போட்ட அந்தக் கைக்குட்டைகளின் மூதாதை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன வங்காளப் பட்டு. முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த இந்தியக் கைவேலை.

கால்சட்டைக்கும் இந்தியத் தொடர்பு இருக்கிறது. தையலில் செப்புக் குமிழ் அடித்த கால்சட்டைக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை வாங்கியது 1873இல். செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது 1897இல். அதுவரை உலகத்து நீலச் சாயத்தில் பெரும்பங்கு இந்திய அவுரிதான். நம் தென்னார்க்காட்டிலும் அது விளைந்தது.

நம் ஊர் மாட்டுக் கொள்ளை

மாடு திருடுகிறவர், மீட்கிறவர், நடுவில் சண்டை. கௌபாய் கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதானே? பழந்தமிழ் இலக்கணம் இதற்குத் திணையே வகுத்திருக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. மீட்கப் போய் இறந்தவருக்கு நடுகல்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த கற்களில் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்தவனைப் பற்றியது. எழுத்து தமிழ்ப் பிராமி. இந்தியாவிலேயே மிகப் பழைய எழுத்துடைய நடுகற்களில் அது ஒன்று.

காஞ்சிக்கு நேரடித் தொடர்புள்ளவை செங்கம் பகுதி நடுகற்கள். பல்லவர் தலைநகர் காஞ்சி; அந்த அரசர்களின் ஆட்சியாண்டைச் சொல்லித்தான் மேய்ச்சல் காட்டுக் கற்களிலும் எழுத்து வெட்டினார்கள். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. காஞ்சித் தெருக்களைக் களமாக வைத்து 'மத்தவிலாசம்' எழுதினாரே, அதே மகேந்திரவர்மன். எருமைகளைக் காக்கப் போய் உயிர் விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல் அது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து, விட்டு ஓடாமல் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயரோடு கல்வெட்டு! ஹாலிவுட்டின் எந்தக் குதிரைக்கும் இதற்கு ஈடான மரியாதை கிடைத்ததில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய கல் இது. கைலாசநாதர் கோயிலைக் காட்டுகிற அதே பெருமையோடு காட்ட வேண்டும்.

கல்லில் பாயும் குதிரை

வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போனால், தூண்களில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளையும் மேலே வீரர்களையும் நின்று பாருங்கள். விஜயநகரக் காலத்து வேலை. சேணம், கடிவாளம், அங்கவடி வரை கல்லில் இருக்கிறது.

ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றியவர்

எம். கர்ணன். கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' போன்ற குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். கண்ணீரைப் படம் பிடித்த அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்கு வந்தார். அவர் இயக்கிய 'காலம் வெல்லும்' 1970இல், 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் 1972இல், 'ஜம்பு' 1980இல். எல்லாவற்றிலும் ஜெய்சங்கர்.

'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' படங்களால் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பெயர் வாங்கியவர் ஜெய்சங்கர். ஒரு வெள்ளிக்கிழமை விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை படம் வரும் என்று சொல்லும் அளவுக்கு உழைத்தவர். இந்தக் குதிரைப் படங்களை இன்று பார்த்தால் முதலில் கவனத்துக்கு வருவது கேமராதான். ஓடும் குதிரைக்கு இணையாக ஓடுகிறது, தரையோடு தரையாகக் கிடக்கிறது, குளம்படிக்குக் கீழே இருந்து வானத்தைப் பார்க்கிறது. கணினி வித்தை எதுவும் இல்லாத காலம். கர்ணனுக்குத் தமிழ் சினிமா எழுத்தாளர்கள் கொடுத்த இடம் போதவே போதாது. மசாலாப் படம் என்று ஒதுக்கியவர்கள் அந்தச் சட்டகங்களை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும்.

ஆந்திரத்து அண்ணன்

இந்தியாவின் முதல் முழுக் கௌபாய் படம் என்று பரவலாகச் சொல்லப்படுவது 1971இல் வந்த தெலுங்குப் படம் 'மோசகாள்ளகு மோசகாடு'. நாயகன் கிருஷ்ணா, இயக்கம் கே. எஸ். ஆர். தாஸ், கதை கவிஞர் ஆருத்ரா. தமிழிலும் மொழிமாற்றம் ஆகி வந்தது. 2023இல் கிருஷ்ணாவின் பிறந்தநாளையொட்டி மெருகேற்றிய பிரதியைத் திரையரங்குகளில் மறுபடி வெளியிட்டார்கள். கிருஷ்ணாவின் மகன் மகேஷ் பாபுவும் 2002இல் 'டக்கரி தொங்கா'வில் கௌபாயாக வந்தார்.

சூப்பர் ஸ்டாரும் தொப்பி போட்டார்

1978 தீபாவளிக்கு வந்த 'தாய் மீது சத்தியம்'. தேவர் பிலிம்ஸ், இயக்கம் ஆர். தியாகராஜன், ரஜினிகாந்த் கௌபாய் உடையில். படம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த நிறுவனத்தின் சாண்டோ சின்னப்பா தேவர் காலமானார்.

சிவகாசியின் மேற்குத் திசை

தொலைக்காட்சி வராத ஊருக்கெல்லாம் கௌபாயைக் கொண்டுபோனது சிவகாசி. முத்து காமிக்ஸ் 1972, லயன் காமிக்ஸ் 1984. இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லர் இங்கே வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு மொழியின் லெப்டினென்ட் புளூபெரி தமிழில் கேப்டன் டைகர் ஆனார். பெல்ஜியத்து லக்கி லூக் பெயர் மாறாமலே வந்தார். அவர் 1983இல் சிகரெட்டை விட்டுவிட்டு வாயில் புல்லைக் கடிக்கத் தொடங்கியவர்.

டெக்ஸ் வில்லரிடம் அந்தக் கால அமெரிக்கத் தொடர்களில் கிடைக்காத ஒன்று உண்டு. அவர் நவஹோ பூர்வகுடிகளின் தலைவர். இரவுக் கழுகு என்பது அவர்கள் இட்ட பெயர். பூர்வகுடிகளின் பக்கம் நின்று பேசும் நாயகனைத் தமிழ்ச் சிறுவர்கள் சிவகாசித் தாளில் படித்து வளர்ந்தார்கள். அன்று படித்தவர்களில் பலர் தாத்தா ஆன பிறகும் அதே கதைகளைத் தடித்த அட்டைத் தொகுப்பாக வாங்குகிறார்கள்.

இரண்டு முறை வில்லன், இரண்டு முறை நாயகன்

1994இல் சேனல் வி தொலைக்காட்சியின் விளம்பரத் துணுக்காகப் பிறந்த தமிழ்க் கௌபாய் 'குயிக் கன் முருகன்'. 2009இல் முழுப் படமானான். அடுத்த ஆண்டு சிம்புதேவன் இயக்கிய 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' வந்தது. அதில் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்து நன்றிக்கடன் தீர்த்திருந்தார். இரண்டு படத்திலும் வில்லன் நாசர்.

இரும்புக்கோட்டையின் நாயகன் ராகவா லாரன்ஸ், 2023இல் 'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் தெய்வமாகக் கொண்டாடும் 1970களின் மதுரை முரடனாக வந்தார். முதலிரண்டும் சிரிக்க வைத்த படங்கள். மூன்றாவது, கேமராவைத் துப்பாக்கிக்கு எதிராக நிறுத்தி, காட்டு மக்களின் துயரத்தைப் பேசியது. தமிழ்க் கௌபாய் படங்களில் என் ஓட்டு அதற்குத்தான்.

திரும்பப் போட்டதில் சாதனை

பழைய தொடரைத் திரும்பப் பார்க்கும் ஆசை கௌபாய்களோடு நிற்பதில்லை. தூர்தர்ஷனில் 1987 ஜனவரியில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடரை, ஊரடங்கின்போது 2020 மார்ச் 28 முதல் மறுபடி ஒளிபரப்பினார்கள். ஏப்ரல் 16 அன்று வந்த பகுதியை 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது.

40 ஆண்டுக்கு ஒருமுறை

பல்லாண்டு கழித்துத் திரும்பப் பார்ப்பது என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் சிலை எழுந்தருளியது 1979இல். அடுத்தது 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள். ஜூலை முழுவதும் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். 1979இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர்கள், 2019இல் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்து வந்தார்கள். முதல் தரிசனத்தின்போது தமிழ்நாட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. இரண்டாவதை உலகமே கைபேசியில் பார்த்தது.

மாற்றிய முடிவு, மீண்ட முடிவு

ஷோலேயின் இயல்பான முடிவில் கைகளை இழந்த தாக்கூர் தன் கால்களாலேயே கப்பரைக் கொன்றுவிடுகிறார். அவசரநிலைக் காலத் தணிக்கை அதை ஏற்கவில்லை. போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றி எடுத்தார்கள். படத்தின் மூல நெகட்டிவ் மிக மோசமாகச் சேதமாகியிருந்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனும் சிப்பி பிலிம்ஸும் சில ஆண்டுகள் உழைத்து அதை மீட்டெடுத்து, பழைய முடிவையும் சேர்த்து, 2025 ஜூனில் இத்தாலியின் போலோனா நகரத் திரைப்பட விழாவில் திரையிட்டன. ஐம்பது ஆண்டு கழித்து இயக்குநர் நினைத்த படம் வெளிச்சத்துக்கு வந்தது.

கர்ணனின் படங்களுக்கும் இது நடக்க வேண்டும். 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா' இவற்றை இன்று இணையத்தில் தேடினால் கீறலும் மங்கலுமான பிரதிகள்தான் கிடைக்கின்றன. வாலாஜாபாத், உத்திரமேரூர், செய்யாறு பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பத்தினர் யாரேனும் இதைப் படித்தால், பரணில் கிடக்கும் தகரப் பெட்டிகளைத் தயவுசெய்து இறக்கிப் பாருங்கள். படச்சுருள் இருந்தால் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பாட்டுப் புத்தகமோ சுவரொட்டியோ இருந்தால் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.